திங்கட்கிழமை விளக்குகள்

துப்பறியும் கதை எழுத முன்வந்த துணிச்சலை வாசகர்கள் முதற்கண் மன்னிக்க வேண்டும். துப்பாக்கி என்ற பொருளை நான் நேரில் பார்த்தது கிடையாது. நல்லவேளையாக இந்த அத்தியாயத்தில் துப்பாக்கி வரவில்லை, பிணமும் வரவில்லை. ஒரு கார், அது நிற்கும் ஒரு ஷெட், ஒருவரையொருவர் நம்பாமல் போன சில நல்ல மனிதர்கள், இவ்வளவே என்னால் இயன்றது. குறை கண்டால் பொறுத்தருளி மேலே படிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

*

"இப்ப சாவியத் திருப்பறேன். நீங்களே உங்க கண்ணால பாருங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

அவர் மூக்குக்கண்ணாடி விற்பவர். ஆகவே கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறெதையும் அவர் நம்புவதில்லை. தம்முடைய கண்ணாடியை ஒரு சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாலையாகவே போட்டிருந்தார். பின்னிருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பம்பரம், அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

பம்பரம் என்பது அவன் கால்கள் சம்பாதித்துக் கொடுத்த பெயர், ஓரிடத்தில் நிற்கமாட்டான். அவனுடைய வாய், பார்த்த வேலைகளையெல்லாம் தொலைத்துக் கொடுத்திருந்தது. கடைசியில் அந்த வாயையும் கால்களையும் சேர்த்தே வேலைக்கு வைத்துக்கொண்டவர் அவனுடைய அத்தை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நொறுங்கிய வண்டிகளையும், நொறுங்காத வண்டிகளை நொறுங்கியதாகச் சொன்ன மனிதர்களையும் ஆராய்ந்து ஆராய்ந்து தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் துப்பறியும் அலுவலகம் திறந்தார். இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காரின் கதவோரம் குனிந்து நின்றிருந்தார்.

சாவி திரும்பியது. இன்ஜின் நெஞ்சில் சளி கட்டியதுபோல இருமி, கொஞ்சம் யோசித்து, பிறகு கிளம்பியது. அத்துடன் டேஷ்போர்டு திருவிழாக் கடைபோல எரியத் தொடங்கிற்று. சிவப்பில் பிரேக். மஞ்சளில் ஸ்டீயரிங். வயிற்றில் பந்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குட்டி மனிதன், அதாவது ஏர்பேக். வழுக்கிக்கொண்டு ஓடும் குட்டிக் கார். எல்லாவற்றுக்கும் பெரியவர்போல நடுவில் இன்ஜின்.

"பாத்தீங்களா? பிரேக்கு, ஸ்டீயரிங்கு, ஏர்பேக்கு. ஒண்ணு விடாம கை வெச்சிருக்கான்."

"யாரு?" என்றார் அத்தை.

"வேற யாரு? என் தங்கச்சி புருஷன்தான்."

"ஒரே நேரத்துல இத்தனை எடத்துல கை வெக்கணும்னா, அவருக்கு நாலு கையாவது இருக்கணுமே சார்" என்றான் பம்பரம்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. மனைவியை இழந்து தனியே வாழும் அவருக்குச் சொந்தம் என்று இருந்தது தங்கையும் தங்கையின் கணவரும்தான். அந்த மாப்பிள்ளை கல்யாணமான நாளிலிருந்து அவருடைய கடையிலேயே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் இருவரும் வந்து அவரோடு மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, தனியாக ஒரு கடை போடப்போவதாக மாப்பிள்ளை சொல்லப்போக, மேசையில் தட்டு பறக்காத குறை. மறுநாள் காலையில்தான் இந்த விளக்குகள் முதல்முறையாக எரிந்தன.

"மெக்கானிக் பேட்டரி பழசாயிடுச்சுன்னான். சரின்னு புதுசு போட்டேன். அடுத்த திங்கக்கெழமை மறுபடி எரியுது! புது பேட்டரி போட்டும் எரியுதுன்னா என்ன அர்த்தம்? கெட்டுப்போனது பேட்டரி இல்ல, ஆளு. ஞாயித்துக்கெழமை அவன் வர்றான், திங்கக்கெழமை இது எரியுது. கடைக்கு வராதேன்னுட்டேன். வீட்டுக்கும் வராதேன்னுட்டேன். ஷெட்டுக்குப் பூட்டு மாத்திட்டேன்."

"மாத்தினப்புறம்?"

"இப்பதான் பாத்தீங்களே. அப்பவும் எரியுது. கள்ளச்சாவி வெச்சிருக்கான். இன்னிக்குச் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேன் மேடம். கொலை முயற்சின்னு புகார் எழுதி வெச்சிட்டேன். நீங்க ஆதாரம் குடுத்தா சேத்துக் குடுப்பேன். குடுக்கலன்னாலும் குடுப்பேன்."

ஒரு குடும்பம் உடைவதா இல்லையா என்பதற்குச் சாயங்காலம் வரை தவணை. அத்தை மெதுவாகத் தலையசைத்தார். இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

பம்பரம் முன்னிருக்கைக்குத் தாவினான். ஷெட்டில் காலைக் குளிர் இன்னும் விலகவில்லை. இருக்கை பனிக்கட்டியாகச் சில்லிட்டது. டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டினாற்போல, ஒரு பழுப்புநிற மூக்குக்கண்ணாடி டப்பா இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் காரில் கண்ணாடி டப்பா இருப்பது அதிசயமல்ல. ஆயினும் கழுத்திலேயே கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பவருக்கு டப்பா எதற்கு? சும்மா ஒரு விரலை வைத்தான். சட்டென்று எடுத்துக்கொண்டான்.

டப்பா வெதுவெதுவென்று இருந்தது.

இறங்கிவந்து அத்தையின் காதோரம் கிசுகிசுத்தான். "அத்தை, அந்த டப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்குது. உள்ள என்னமோ இருக்கு. மாப்பிள்ளை ஒட்டுக்கேக்கற மெஷின் வெச்சிருக்காரு."

"பாத்ததா காட்டிக்காத."

காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அவன் முன்சக்கரத்தை ஒரு உதை உதைத்தான். கால் பஞ்சுமூட்டையில் பட்டதுபோல அமுங்கியது. "சார், டயர் தொப்பை போட்டிருக்கு."

"இதையும் அவன்தான் எறக்கி விட்டிருப்பான்!"

"நீங்க கடைசியா எப்ப காத்து அடிச்சீங்க?" என்று கேட்டார் அத்தை.

"நானா? காத்தா? அது உள்ளயே இருக்கறதுதானே?"

இவ்வளவு காலம் கார் வைத்திருப்பவர் இப்படிச் சொல்லக் கேட்டதும் பம்பரத்துக்கு வாய் ஊறியது. அத்தையின் பார்வையைக் கண்டு விழுங்கிவிட்டான்.

*

மெக்கானிக்கின் பட்டறை ஊரின் மறுகோடியில் இருந்தது. அத்தையின் ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டு வந்திறங்கிய பம்பரத்தை, ஒரு வேனுக்கு அடியிலிருந்து நீண்டிருந்த இரண்டு கால்கள் வரவேற்றன.

"அந்தக் கண்ணாடிக்காரர் காரா? கும்பிடு போட்டுக்கறேன், என்னை விட்டுடுங்க" என்றன கால்கள். "மனுஷன் என்னையும் கூட்டாளின்னு நெனைக்கறாரு. அந்த மாப்பிள்ளை எனக்கென்ன, மாமனா மச்சானா?"

"அப்படி என்ன சந்தேகம் உங்க மேல?"

"காலைல போன் பண்ணுவாரு, எல்லா விளக்கும் எரியுதும்பாரு. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து இங்க வந்து சேருவாரு. வந்து பாத்தா ஒரு விளக்கு எரியாது. பல் டாக்டரப் பாத்ததும் பல்வலி நிக்குமே, அந்தக் கதைதான். நீ என்ன மந்திரம் போட்டேன்னு என்னைக் கேக்கறாரு!"

"பிரேக் பாத்தீங்களா?"

கால்கள் கோபித்துக்கொண்டு வெளியே வந்தன. அவற்றின் மறுமுனையில் எண்ணெய் பூசிய ஒரு முகம் இருந்தது. "கழட்டிப் போட்டுப் பாத்தேம்மா. குழாய், எண்ணெய், கட்டை எல்லாம் சுத்தம். அந்தப் பிரேக்க நம்பி நான் என் புள்ளைங்கள ஏத்தி அனுப்புவேன். பேட்டரியும் நானே போட்டது. இங்க வெச்சுப் பாத்தா நல்லாத்தான் காட்டுது. அந்தக் கார்ல குத்தமே இல்ல. இன்னும் சொல்லப்போனா, இங்க வர்ற வண்டிங்கள்ல டயர்ல காத்து எப்பவும் சரியா இருந்தது அந்த ஒரு வண்டிலதான். அப்படிப்பட்ட பொறுப்பான ஆளுக்கு ஏன் புத்தி இப்படிப் போச்சுன்னுதான் தெரியல."

"பொறுப்பான ஆளு" என்று அத்தை மெல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டார். ஏதோ ருசி பார்ப்பதுபோல இருந்தது.

வெளியே வந்ததும் பம்பரம் விரல்களை மடக்கினான். "இவரு பொய் சொல்றாரு. காத்துன்னா என்னன்னே தெரியாதவரு டயர்ல காத்து எப்படிச் சரியா இருக்கும்? மெக்கானிக்கும் மாப்பிள்ளையும் கூட்டு. முடிஞ்சுது வழக்கு. காபி குடிக்கலாம்."

"மாப்பிள்ளை வீட்டுல குடிக்கலாம். வண்டில ஏறு."

*

மாப்பிள்ளையின் வீட்டில் காபி கிடைக்கவில்லை, அடுப்பையே மூட்டைகட்டியிருந்தார்கள். கூடம் முழுவதும் அட்டைப் பெட்டிகள். கண்ணாடிக்காரரின் தங்கை ஒரு பெட்டியின்மேல் முழங்காலை ஊன்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை லென்ஸ் தேய்க்கும் கல்லைப் பழைய செய்தித்தாளில், குழந்தையைப் போர்த்துவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வெளியூர்ல ஒரு கண்ணாடிக் கடைல வேலை கெடைச்சிருக்கு" என்றார் அவர். "சாயங்காலம் லாரி வருது."

பம்பரம் அத்தையின் முதுகில் ஒரு விரலால் குத்தினான். ஓடப் பார்க்கிறார் என்பது அதன் பொருள்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?" என்று தங்கையைக் கேட்டார் அத்தை.

"எங்கண்ணனா? பூட்டை மாத்தினவருக்கு லாரி வர்றத எதுக்குச் சொல்லணும்?" டேப்பைச் சர்ரென்று இழுத்தார். "எங்கப்பா போனப்புறம் என்னை வளத்து ஆளாக்கினவரு அவருதான். அதுக்காக என் புருஷன கொலைகாரன்னு சொன்னா கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"ஞாயித்துக்கெழமைல உங்க வீட்டுக்காரர் கார் ஷெட்டுக்குப் போவாரா?"

"ஷெட்டுக்கு என்னத்துக்கு? சாப்பிட்டு முடிச்சா சிகரெட் பிடிக்கறேன்னு வாசப்பக்கம் போவாரு. அதுக்கும் நான் திட்டுவேன்."

மாப்பிள்ளை கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பரம் அவருடைய விரல்களைப் பார்த்தான். லென்ஸ் தேய்த்து வெளுத்த விரல்கள். சிகரெட் பழக்கம் உள்ளவர் விரலில் இருக்கும் மஞ்சள் கறையில்லை. கூடத்தில் ஒரு சாம்பல் கிண்ணமும் இல்லை.

"அக்கா, வாடை அடிக்குமா?" என்று தங்கையைக் கேட்டான்.

அவர் டேப்பை இழுப்பதை நிறுத்தினார். "அடிச்சதில்ல" என்றார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல்முறையாக அண்ணனின் சாயல் தெரிந்தது.

"நீங்க சிகரெட்டே பிடிக்கறதில்ல. வாசலுக்கும் போகல" என்றார் அத்தை. "ஷெட்ல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இப்படிச் சொன்னா நம்பறது கஷ்டமாச்சே."

"எப்படிச் சொன்னாலும் கஷ்டந்தாங்க" என்றார் மாப்பிள்ளை. குரல் உயரவில்லை. "நான் இப்ப எதச் சொன்னாலும் தப்பிக்கறதுக்காகக் கட்டின கதையாத்தான் இருக்கும். பூட்டு மாத்தறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அத்தை மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் கதவருகே கிடந்த சாக்குமூட்டையைத் தாண்டும்போது பம்பரத்தின் கால் தானாக நின்றது. சாக்கின் வாயிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர்க் குழாயின் நுனி எட்டிப் பார்த்தது.

தெருவுக்கு வந்ததும் துள்ளினான். "அத்தை! பிரேக் குழாய்! சாக்குல ஒளிச்சு வெச்சிருக்காரு!"

"பாத்தேன்."

"பாத்துட்டு இவ்வளவு அமைதியா வர்றீங்க?"

"அறுத்த குழாய யாராவது ஊருக்கெல்லாம் தூக்கிட்டுப் போவாங்களாடா?"

பம்பரம் யோசித்தான். யோசிப்பது அவனுக்குப் பிடிக்காத காரியம். ஸ்கூட்டரில் வழிநெடுக அவனுடைய ஒரு கால் ஆடிக்கொண்டே வந்தது.

*

கண்ணாடிக்காரர் வெளுத்த சட்டை போட்டு, புகார் மனுவைப் பையில் வைத்துத் தயாராக நின்றார். பம்பரத்தால் அடக்க முடியவில்லை. இல்லாத சிகரெட், அடிக்காத வாடை, சாக்கிலிருந்த குழாய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். லாரியைப் பற்றி மட்டும் சொல்ல மறந்தான், மூச்சு தீர்ந்துவிட்டது.

கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. அது மகிழ்ச்சியல்ல, தன் சந்தேகம் பாஸாகிவிட்டதைக் கண்ட திருப்தி.

"இனி மறைக்கறதுக்கில்ல" என்றார். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு." கைப்பேசியை நீட்டினார். "கார்ல கண்ணாடி டப்பா ஒண்ணு இருக்கு, பாத்திருக்க மாட்டீங்க."

"காய்ச்சல் கூட பாத்தோம்" என்றான் பம்பரம்.

"அதுக்குள்ள கேமரா. நான் வெச்சது."

பம்பரத்தின் வாய் திறந்தபடி நின்றது. கைப்பேசியில் படம் ஓடிற்று, ஓசை கிடையாது. கார் கண்ணாடி வழியாகத் தெரியும் ஷெட்டின் கதவு. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம். கதவு மெல்லத் திறக்கிறது. மாப்பிள்ளை உள்ளே வருகிறார், வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார், எதையோ கையில் தொங்கவிட்டுக்கொண்டு முன்சக்கரத்தருகே குனிந்து மறைகிறார். பிறகு நிமிர்கிறார். பானட்டின் விளிம்புக்கு மேலே தலை மட்டும் தெரிகிறது. அந்தத் தலை மேலே எழுகிறது, கீழே இறங்குகிறது. மேலே, கீழே, மேலே, கீழே.

"அறுக்கறான்!" என்றார் கண்ணாடிக்காரர். "பிரேக் குழாய அறுக்கறான். இதுக்கு மேல என்ன வேணும்?" பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அத்தை. "டேய், ஷெட்டுக்கு வா. நீயும் அறு."

பம்பரம் முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து இல்லாத ரம்பத்தால் இல்லாத குழாயை அறுத்தான்.

"சார், போன்ல கேமரா வழியாப் பாருங்க, இவன் தலை தெரியுதா?"

"தெரியல."

"அறுக்கறவன் உக்காந்துதான் அறுக்கணும். கையும் தலையும் முன்ன பின்ன போகும். நின்ன எடத்துல நின்னுக்கிட்டு, தலை மட்டும் மேல கீழ போகற வேலை என்னடா?"

பம்பரம் எழுந்தான். ஒரு காலைத் தூக்கித் தரையில் மிதித்துப் பார்த்தான். தலை உயர்ந்தது, தாழ்ந்தது. இன்னொரு முறை மிதித்தான். மெத்தென்று அமுங்கிய டயர் நினைவுக்கு வந்தது. சாக்கிலிருந்து எட்டிப் பார்த்த ரப்பர்க் குழாய் நினைவுக்கு வந்தது. மெக்கானிக் புகழ்ந்த பொறுப்பான ஆளும் நினைவுக்கு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுடைய கால், வாயை முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிட்டது.

"கால் பம்பு" என்றான். "அத்தை, அவரு காத்து அடிச்சிருக்காரு!"

"நீங்க டயரத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல சார். ஆனா உங்க டயர்ல எப்பவும் காத்து சரியா இருந்திருக்கு. அவர வரவேண்டாம்னு சொன்னீங்க. சொன்னப்புறம் விளக்கு எரியறது நின்னுதா? நிக்கல. நின்னுபோனது காத்து மட்டும்தான்."

கண்ணாடிக்காரர் கழுத்திலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயரைப் பார்த்தார். "அப்ப விளக்கு? விளக்கு ஏன் எரியுது? அது பொய்யா?"

"அந்தக் கேமரா எப்ப வெச்சீங்க?"

"புது பேட்டரி போட்ட அன்னிக்கே. மெக்கானிக் சொன்னத பாதி நம்பினேன். மிச்சப் பாதிக்குக் கேமரா வாங்கினேன்."

"யாரு மாட்டிவிட்டாங்க?"

"யாரையும் நம்பல. நானே மாட்டினேன்."

"சாவிய எடுத்தப்புறமும் ஓடுமா?"

"ராத்திரி பகலா ஓடும். எப்பவும் கரண்ட் வர்ற கம்பியாப் பாத்துக் கொடுத்தேன். அதுக்குத்தானே வெச்சதே."

"ராத்திரி பகலா ஓடறதுக்குச் சாப்பாடு எங்கருந்து வருது சார்?"

கண்ணாடிக்காரர் பானட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மொதல் தடவ எரிஞ்சது நெஜமாவே பழைய பேட்டரியால. அப்புறம் புதுச இந்தக் கேமரா விடிய விடிய உறிஞ்சுது" என்றார் அத்தை. "காலைல நீங்க சாவி போடறப்ப அதுல தெம்பில்ல. பிரேக்கப் பாத்துக்கற பெட்டி, ஸ்டீயரிங்கப் பாத்துக்கற பெட்டி, எதுக்கும் வேண்டிய கரண்ட் போய்ச் சேரல. ஒவ்வொண்ணும் என் பக்கம் கோளாறுன்னு கூச்சல் போடுது. பட்டினி கெடக்கற சாட்சிய விசாரிச்சா இப்படித்தான், எந்தப் பேரச் சொன்னாலும் ஆமாங்கும். மெக்கானிக்கைத் தேடி ஊர் மறுகோடி வரைக்கும் ஓட்டிட்டுப் போறீங்க. அதுக்குள்ள ஓட்டத்துல பேட்டரி கொஞ்சம் தேறிக்குது, விளக்கெல்லாம் அணைஞ்சிடுது. மந்திரமும் இல்ல, கூட்டும் இல்ல."

"ஆனா திங்கக்கெழமை? ஏன் திங்கக்கெழமை மட்டும் இப்படி மோசமா?"

"ஞாயித்துக்கெழமை நீங்க கார எடுக்கறதில்ல. கேமரா மட்டும் லீவு போடாம வேலை செய்யுது. ஏதாவது ஒரு திங்கக்கெழமை எரியாம இருந்துதா?"

"ஒரு தடவ. அதுக்கு முந்தின நாள் சொந்தத்துல ஒரு கல்யாணம், தூரத்து ஊரு. கார்லதான் போய்ட்டு வந்தோம்." சற்றுத் தயங்கினார். "அவனும் வந்தான். பக்கத்துலதான் உக்காந்திருந்தான்."

"கொலைகாரர் பக்கத்துலயே உக்காந்திருந்த அன்னிக்குக் கொலைக்கு லீவு" என்றான் பம்பரம். சொன்னபிறகு சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கண்ணாடிக்காரர் டப்பாவைத் திறந்தார். உள்ளே வெதுவெதுவென்று, ஒரு சின்னக் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கம்பியோடு பிடுங்கினார். புகார் மனு இருந்த பை கையிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை.

"சரி. வர்ற ஞாயித்துக்கெழமை கூப்பிட்டுப் பேசிடறேன். என்ன இருந்தாலும் என் தங்கச்சி."

அத்தை பம்பரத்தைப் பார்த்தார். பம்பரம் தரையைப் பார்த்தான்.

"சார், லாரி சாயங்காலமே வருது" என்றான்.

"எந்த லாரி?"

*

கார் கிளம்ப மறுத்து, மன்றாடி, கடைசியில் கிளம்பியது. டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. கண்ணாடிக்காரர் ஸ்டீயரிங்கை உயிருள்ள பாம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். வாசலைத் தாண்டுமுன் அத்தை பிரேக்கை மிதித்துப் பார்க்கச் சொன்னார், டக்கென்று நின்றது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி டயருக்குக் காற்று பிடிக்கச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

முதல் சந்திப்பைத் தாண்டியபோது ஸ்டீயரிங் விளக்கு அணைந்தது. கடைத்தெருவில் போகையில் வழுக்கும் கார் அணைந்தது. ரயில் பாலத்துக்குக் கீழே, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் நேரத்தில், வயிற்றில் பந்தோடிருந்த குட்டி மனிதன் காணாமல் போனான். ஒவ்வொன்று அணையும்போதும் கண்ணாடிக்காரர், வரிசையாகக் கன்னத்தில் அடி வாங்குபவர்போலக் கண்ணை மூடித் திறந்தார். பம்பரத்துக்குச் சொல்வதற்கு நாலைந்து நல்ல வார்த்தைகள் வாயில் வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

தங்கையின் தெருவுக்குள் திரும்பும்போது பிரேக் விளக்கும் அணைந்தது. டேஷ்போர்டு ஒரு பாவமும் அறியாததுபோல இருண்டு கிடந்தது.

லாரியின் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. தங்கை முன்னிருக்கையில் ஏறிவிட்டிருந்தார். அண்ணனைப் பார்த்தார், இறங்கவில்லை.

"மாப்பிள்ளை" என்று ஓடினார் கண்ணாடிக்காரர். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, எல்லாம் பேட்டரி. நான் வெச்ச கேமராதான் அத உறிஞ்சிருக்கு. நீங்க காத்து அடிச்சதெல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு தடவ காரத் துடைக்க வந்தப்ப, என் கார நான் பாத்துக்கறேன், நீ உன் லென்ஸப் பாருன்னு சொன்னீங்க மச்சான். காத்து எறங்கின டயரோட நீங்க போறத பாத்துக்கிட்டு இருக்க முடியல. அதான் உங்களுக்குத் தெரியாமப் பண்ணினேன்."

"அதுக்காக ஊரவிட்டே போறதா? வாங்க, வீட்டுக்குப் போலாம். பூட்ட மாத்திடறேன்."

மாப்பிள்ளை பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மச்சான். தப்பு பண்ணினது பேட்டரி. அது மேல உங்களுக்கு ஒரு தடவகூடச் சந்தேகம் வரலியா?"

"அது புதுசு மாப்பிள்ளை!"

"ஆமா" என்றார் மாப்பிள்ளை. "அது புதுசு. நான்தான் பழையவன்."

மாப்பிள்ளை கதவின் இடுக்கில் கைவிட்டுச் சாக்கிலிருந்து எதையோ உருவி எடுத்தார். தேய்ந்த மிதியும் கறுப்பு ரப்பர்க் குழாயுமாக ஒரு கால் பம்பு. அதைக் கண்ணாடிக்காரரின் கையில் வைத்தார்.

"முன்பக்க டயர் ரெண்டும் சீக்கிரம் எறங்கும். வாரத்துக்கு ஒரு தடவ பாத்துக்கோங்க."

அவர் ஏறி உட்கார்ந்ததும், தங்கை டிரைவரிடம், "போலாங்க" என்றார். லாரி திரும்பும் வரை கண்ணாடிக்காரர் பம்பைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார். பம்பரமும் நின்றான்; அவனுடைய கால்கள் ஆடவில்லை.

இந்த வழக்கில் இழந்தவை பின்வருமாறு. ஒரு புது பேட்டரி. இனி அது தேறாது என்று மெக்கானிக் கழற்றி ஓரம் வைத்துவிட்டார். ஒரு கேமரா. நல்ல நிலையில் இருந்தும் மாற்றப்பட்ட ஷெட் பூட்டு. கடையில் லென்ஸ் தேய்க்கத் தெரிந்த ஒரே கை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் இரண்டு தட்டு. அண்ணா என்று கூப்பிடும் ஒரு குரல். டயரில் குறைந்த காற்றை இதில் சேர்க்கவில்லை. அதை மறுவாரம் அவரே மிதித்து அடித்துக்கொண்டார்.